பெரிய டாக்டர் கேட்காத கேள்வி

அந்த வீட்டில் இரண்டு டாக்டர்கள் குடியிருந்தார்கள். கணவர் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர். ஊர் அவரைப் பெரிய டாக்டர் என்றது. மனைவி கால்நடை மருத்துவமனையின் ஒரே மருத்துவர். ஊர் அவளை ஆட்டு டாக்டர் என்றது. படித்த வருஷங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஒருவருக்குப் பெருமையும் மற்றவருக்கு ஆடும் பட்டமாக வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளேயே அப்படித்தான் நடந்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது, வயிற்றுக்குள் செத்துப்போன கன்றைத் தான் கைவிட்டு இழுத்த கதையை அவள் ஆர்வமாகச் சொன்னாள். அவர் பாதித் தட்டோடு எழுந்து போனார். மறுநாள் சட்டம் வந்தது: சாப்பாட்டு மேசையில் ஆட்டுப் பேச்சு கூடாது. மனிதப் பேச்சுக்குத் தடை இல்லை. யாரோ ஒருவரின் பித்தப்பையிலிருந்து எடுத்த கல் எந்தக் காயளவு இருந்தது என்று அவர் விரல்களைக் குவித்துக் காட்டியபடியே சாப்பிடலாம். அது அறிவியல். ஆட்டின் நஞ்சுக்கொடி அசிங்கம். இருபது வருஷமாக அவள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வாயை மெல்லுவதற்கு மட்டும் பயன்படுத்தி வந்தாள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. காலநிலை மாறிவருகிறது, விலங்கு நோய்கள் மனிதர்களுக்குத் தாவுகின்றன, எல்லாத் துறைகளும் கைகோத்து வேலை செய்ய வேண்டும் என்று மேலிடம் ஒரு குழுவை அமைத்திருந்தது. பேர் 'ஒருங்கிணைந்த நலக் குழு'. தலைவர் வேறு யார், பெரிய டாக்டர்தான். கால்நடைத் துறைக்கென்று ஒரு நாற்காலி போட்டு, அதில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை உட்கார்த்தியிருந்தார்கள். அவர் கடைசியாக ஒரு மாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. ஊரில் நடைமுறையில் இருக்கிற ஒரே கால்நடை மருத்துவரைக் கூப்பிடவில்லை. கணவனும் மனைவியும் ஒரே குழுவில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். குழு கூடிய கூட்டங்களில் பெரும்பகுதி நேரம் சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கழிந்தது. மனிதன், மாடு, மரம் மூன்றும் கைகோத்து நிற்கிற சின்னம். மாட்டுக்கும் மரத்துக்கும் கை ஏது என்று யாரும் கேட்கவில்லை. மாடு மனிதனுக்கு முன்னால் நிற்கலாமா என்றுதான் காரசாரமாகப் பேசினார்கள்.

பெரிய டாக்டருக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டு, ஆடு வளர்த்துப் பால் விற்றுக் கொண்டிருந்தாள். யாரிடமும் கைநீட்டாத பிழைப்பு. டாக்டர் வீட்டுப் பெண் ஆடு மேய்க்கிறாளா என்று நாலு பேர் கேட்பது அண்ணனுக்குத் தொண்டையில் முள். விருந்தாளிகளிடம் தங்கை 'பால்பண்ணை நிர்வகிக்கிறாள்' என்பார். அண்ணிக்கும் சின்னவளுக்கும் மட்டும் நகமும் சதையும் போல ஒட்டிப்போயிற்று. வீட்டு மேசையில் பேச முடியாததையெல்லாம் ஆட்டு டாக்டர் அந்தக் கொட்டகையில் போய்க் கொட்டிவிட்டு வருவாள்.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளக்க வேண்டிய மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் இரண்டு நாள் பெய்து ஓய்கிற மழை இல்லை. சாக்கடை நிரம்பியது, காலி மனைகள் குளமாயின, சைக்கிள் கடையின் பழைய டயர்களில் தண்ணீர் தேங்கியது. மழை நின்றதும் புழுக்கம். புழுக்கத்தோடு கொசு. முன்பெல்லாம் சாயங்காலம் வந்து கடித்துவிட்டுப் போகிற கொசு, இப்போது பட்டப்பகலில் உரிமையோடு வந்து உட்கார்ந்தது. பெரியவர்கள் இப்படி ஒரு கோடையைப் பார்த்ததில்லை என்றார்கள். குழு இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டு, காலநிலை குறித்து ஒரு மாநாடு நடத்துவதென்று முடிவு செய்தது.

மழை விட்டுக் கொஞ்ச நாளில் சின்னவளின் கொட்டகையில் சினை ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. போட வேண்டிய காலம் வராத குட்டிகள். முதலில் ஒன்று செத்து விழுந்தது. கொம்புச் சண்டையில் முட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்தாள். பிறகு வரிசையாக விழுந்தன. பிறந்து ஒருநாள் இருந்த குட்டிகளும் காய்ச்சல் கண்டு சுருண்டன. சுற்றுவட்டாரத்தில் மற்ற கொட்டகைகளிலும் இதே கதை. ஆட்டு டாக்டர் ஓடி ஓடிப் பார்த்தாள். தடுப்பூசி, தீவனம், தண்ணீர் என்று எல்லாக் காரணத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது, புத்தகத்தில் மட்டும் படித்திருந்த ஒரு வியாதி மிச்சமிருந்தது. பெருமழைக்குப் பின் கொசுவால் ஆடுமாடுகளுக்கு வரும். சினையைக் கலைக்கும். அந்த ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் தொடுகிறவர்களுக்கும் தாவும். மனிதர்களில் பலருக்கு வெறும் காய்ச்சலாக வந்து போகும். சிலரை மட்டும் சும்மா விடாது. அந்த வியாதியின் பேரே வேறு ஏதோ கண்டத்தின் பள்ளத்தாக்கு ஒன்றின் பேர். அதனால் அது அங்கேயே அடங்கி இருக்கும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அவள் ஒரு பெட்டி கையுறை கொண்டுபோய்ச் சின்னவளிடம் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பெட்டி பிரித்தபடி இருக்க, சின்னவள் முழங்கைவரை ரத்தத்தோடு ஓர் ஆட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கையுறை எங்க?"

"போட்டேன் அண்ணி. குட்டி வழுக்குது. தலை மாட்டிக்கிட்டு ஆடு கத்துறப்ப உறையைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

ஆட்டு டாக்டர் திட்டினாள். இது என்ன வியாதி என்று உறுதியாகிற வரைக்கும் கொட்டகையை விட்டு வீட்டுக்கு வந்துவிடு என்றாள். உறுதியானதும் சொல்லுங்கள், அந்த நிமிஷமே வருகிறேன், இப்போது நான் போனால் இதுகளை யார் பார்ப்பது என்றாள் சின்னவள். நியாயமான கேள்விதான். ஆகவே எல்லாம் உறுதியாவதில் வந்து நின்றது.

உறுதி செய்ய வேண்டியது மாநில ஆய்வகம். அனுப்பிய ரத்த மாதிரி போன வேகத்தில் திரும்பி வந்தது. தொலைபேசியில் பிடித்துக் கேட்டாள். ஆய்வக அதிகாரி பொறுமையாக விளக்கினார். எந்த மாதம் எந்த நோய் வரும் என்று அட்டவணை இருக்கிறது, கொசு நோய்களெல்லாம் மழைக்காலக் கணக்கில் வரும், சோதனை மருந்து அப்போதுதான் வாங்குவார்கள், இது கோடைகாலம். வெளியே முழங்கால் தண்ணீர் நிற்கிறதே என்றாள். அது பருவம் தவறிய மழை, அதை மழைக்காலத்தில் சேர்க்க முடியாது என்றார் அவர். தாத்தா காலத்து வெயிலையும் மழையையும் வைத்துப் போட்ட அட்டவணை அது. கொசுவுக்குப் படிக்கத் தெரியாதது ஒன்றுதான் அந்த ஏற்பாட்டில் இருந்த குறை.

இதற்குள் பெரிய டாக்டரின் மருத்துவமனையில் கூட்டம் தாழ்வாரத்தைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அலுத்துக்கொண்டார். என்ன காய்ச்சலோ, ஊரே வந்து குவிகிறது, உடம்பு வலி, தலைவலி, மாத்திரை கொடுத்தால் நாலு நாளில் போய்விடுகிறது என்றார். அவள் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"வர்றவங்க என்ன வேலை பார்க்கிறவங்க?"

"காய்ச்சலுக்கு வேலை எதுக்கு? காய்ச்சல்னா காய்ச்சல்."

"அவங்க வீட்டுல ஆடு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆரம்பிச்சுட்டியா?" என்றார். அவ்வளவுதான், சட்டம் எழுந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. நோயில் பாதி அந்த மேசையின் ஒரு பக்கம் இருந்தது, மறுபாதி எதிர்ப்பக்கம். நடுவில் தண்ணீர்க் குவளை மட்டும்தான்.

மறுநாள் காலை அவள் தன் மருத்துவமனைக்குப் போகவில்லை. அவருடைய மருத்துவமனையின் வரிசையில் போய் நின்று, காய்ச்சலோடு நிற்கிறவர்களிடம் தானே கேட்டாள். கறிக்கடைக்காரர், தோல் மண்டியில் சுமை தூக்குகிறவர், ஆட்டுக்காரரின் மனைவி, ஆட்டுக்காரரின் மைத்துனர். ஆட்டோடு சம்பந்தமில்லாதவர் யாரென்று தேட வேண்டியிருந்தது. தகவல் உள்ளே போனதும் பெரிய டாக்டர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். நாற்காலியைக் காட்டவில்லை.

"என் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஆட்டுக் கணக்கு எடுக்கிறியா? ஸ்டாஃப் எல்லாம் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். இது அந்தக் கொசு வியாதிதான்னு நினைக்கிறேன். பத்துப் பேர் ரத்தத்தை மட்டும் மாநில ஆய்வகத்துக்கு அனுப்புங்க. நீங்க அனுப்புனா வாங்குவாங்க."

அவர் முட்டாள் இல்லை. அதுதான் கோபம் வருகிற விஷயம். இந்த ஊரில் பாதி வீட்டில் ஆடு இருக்கிறது, எந்த வியாதி வந்தாலும் பாதிப் பேர் ஆட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று அழகாக வாதாடினார். ஊரில் ஆட்டுக்காரர் பாதி, வரிசையில் முக்கால்வாசிக்கு மேல் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வேண்டுமானால் குழுவுக்கு முறைப்படி எழுதிக் கொடு, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்றாள். மாநாட்டு வேலை இருக்கிறது, அது முடிந்ததும் என்றார். நோய்களைத் தடுக்க மாநாடு. மாநாடு முடியும்வரை நோய் பொறுத்திருக்க வேண்டும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஓநாயாவது அழுதது, இவர்கள் பதாகைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆட்டு டாக்டர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் படுக்கவைத்தாள். இவளுடைய ரத்தத்தையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். கெஞ்சிப் பழக்கமில்லாதவள்.

"ஆட்டு வியாதியைக் கொண்டுவந்து என் தங்கச்சி தலையில கட்டாதே" என்றார் அவர்.

ராத்திரி பகலாகத் தானே பக்கத்தில் உட்கார்ந்து தங்கையைப் பார்த்துக்கொண்டார். பாசத்தில் குறை வைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சின்னவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு முழு மாநாட்டின் பெருமிதம் இருந்தது. 'எங்கே உன் பள்ளத்தாக்கு?' என்று கேட்கவும் செய்தார். தான் சொன்னது பொய்யாகிப் போனதற்காக ஆட்டு டாக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் பத்து நாள் நிலைத்தது.

மாநாட்டு மண்டபத்துக்குள் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது. வெளியே தேங்கிய தண்ணீரைத் தாண்ட விருந்தினர்களுக்குப் பலகை போட்டிருந்தார்கள். மண்டபத்தைச் சுற்றி மட்டும் முதல்நாள் கொசு மருந்து அடித்திருந்தார்கள். மாநாட்டுக்கு வருகிறவர்களைக் கொசு கடித்தால் மரியாதையாக இருக்காதல்லவா. முன்வரிசையில் தலைவரின் குடும்பத்துக்கு இடம். ஆட்டு டாக்டர் மனைவி என்ற தகுதியிலும், சின்னவள் தங்கை என்ற தகுதியிலும் அங்கே உட்கார்ந்தார்கள்.

பெரிய டாக்டருக்கு நல்ல குரல். உரையை யாரோ இளநிலை மருத்துவர் தயாரித்துக் கொடுத்திருந்தார். இவர் திரையில் வருகிறதைப் பார்த்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். பனி உருகுவது வந்தது, கடல் உயர்வது வந்தது. பிறகு தூரதேசம் ஒன்றின் படம். பருவம் தவறிய பெருமழை. தேங்கிய நீர். கொசு. கூட்டம் கூட்டமாகச் சினை கலையும் ஆடுகள். அடுத்து அவற்றை வளர்ப்பவர்களுக்குக் காய்ச்சல். ஆட்டு டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இப்போதாவது உறைக்கும், இந்த வரியில் நின்றுவிடுவார், அடுத்த வரியில் நிமிர்ந்து தன்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தாள். அவர் நிற்கவில்லை. 'எனவே இத்தகைய அறிகுறிகள் தென்பட்டால் மருத்துவர்கள் உடனடியாகக் கால்நடை மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்' என்று கம்பீரமாக வாசித்தார். கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் ஓய்வுபெற்ற கால்நடை அதிகாரியும் ஒருவர்.

கைதட்டலுக்கு நடுவில் சின்னவள் அண்ணியின் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணி, அந்தத் திரைக்கு நடுவுல ஏதோ கறை இருக்கே, துடைக்க மாட்டாங்களா?"

ஆட்டு டாக்டர் திரையைப் பார்த்தாள். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. மேடையில் அவர் அடுத்த வரியை வாசித்தார்: 'காய்ச்சல் நீங்கிய ஓரிரு வாரங்களில் சிலருக்குப் பார்வை பாதிக்கப்படலாம்.'

அவள் சின்னவளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எந்தக் கண்ணில் என்று கேட்டாள். இரண்டிலும்தான் என்றாள் சின்னவள், நேற்றிலிருந்து இருக்கிறது, தூக்கமில்லாததால் இருக்கும் என்று நினைத்தாளாம். ஆட்டு டாக்டர் எழுந்து நேரே மேடைமேல் ஏறினாள். அவர் புன்னகையை மாற்றாமல், பல்லுக்கிடையில் பேசினார்.

"இங்கயும் வந்து ஆட்டுப் பேச்சா?"

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோயிற்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து அவள் பேசினாள். அதையும் அந்த ஒலிபெருக்கி பாரபட்சமில்லாமல் எடுத்துச் சென்றது.

"உங்க தங்கச்சிக்குக் கண்ணு தெரியல."

அதற்குப் பிறகு எல்லாம் மின்னல் வேகத்தில் நடந்தது. ஆட்டு ரத்தத்துக்குக் கிடைக்காத பருவம் பெரிய டாக்டரின் தங்கை ரத்தத்துக்குக் கிடைத்தது. சோதனை மருந்து விமானத்தில் வந்தது. முடிவு ஆட்டு டாக்டர் சொன்னதுதான். ஆய்வக அதிகாரி தானே கூப்பிட்டு, மேடம், மீதி மாதிரிகளையும் அனுப்புங்களேன் என்றார். கொட்டகைகளுக்குத் தடுப்பு ஊழியர்கள் போனார்கள். குழு அவசரமாகக் கூடித் தன் விழிப்புணர்வைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டது. கறிக்கடைக்காரர் ரத்தம் கக்கிச் செத்து அன்றைக்கு இரண்டாம் நாள். அவரைப் பற்றித் தீர்மானத்தில் எதுவும் இல்லை.

பெருநகரத்துக் கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளை அறை. விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோயிருக்கிறது என்றார் கண் டாக்டர். சிலருக்கு மாதக்கணக்கில் தேறும், சிலருக்குத் தேறாது, இதற்கென்று தனி மருந்து கிடையாது, வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்றார். சொல்லிவிட்டு, எங்கே பிடித்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தீர்களா என்றும் கேட்டார். பெரிய டாக்டர் தரையைப் பார்த்தார். ஆட்டு டாக்டருக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் அவள் முயலவில்லை.

கண் டாக்டர் போனதும் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தங்கைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நான் தெரிகிறேனா என்று கேட்டார். சின்னவள் உண்மையிலேயே முயற்சி செய்து பார்த்தாள். அவள் பேச்சில் குத்தல் இல்லை. அப்படிப் பேச அவளுக்கு வராது.

"உன் காது தெரியுதுண்ணா. தோள் தெரியுது. பின்னாடி ஜன்னல் கம்பி கூடத் தெரியுது. மூஞ்சிதான் இல்ல."

அவர் நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினார். "இப்போ?"

"நீ நகர்ந்தா நானும் அங்கதான பாக்குறேன். அதுவும் கூடவே வருது." கொஞ்சம் யோசித்தாள். "உன்னைப் பாக்கணும்னா உன்னைப் பாக்காம இருக்கணும் போல."

சொல்லிவிட்டு அவள் முகத்தை வெறும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணின் ஓரத்தால் துழாவினாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள்.

"இப்போ தெரியுற" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "ஏன்ணா, அழுறியா?"

இல்லை என்றார் பெரிய டாக்டர்.